புது டிகிரிக்கு பேனர் வெச்சாச்சு... அனுமதி வாங்கியாச்சா? ஆரம்பாக்கம் பெற்றோர் ஃபீஸ் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி ஆரம்பாக்கம் எல்லை வரைக்கும் கல்லூரி பேனர்களுக்குப் பஞ்சமே இருக்காது. ‘இந்த ஆண்டு முதல் புதிய பாடப்பிரிவுகள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ், டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஃபின்டெக்... பெயர்கள் எல்லாம் பளபளப்பு.

சில விளம்பரங்களில் மட்டும் கீழே ஓரமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு வரி இருக்கும்: ‘அனுமதிக்கு உட்பட்டது’.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்? யாருடைய அனுமதி? அது வராமல் போனால், கட்டின ஃபீஸும் போன வருஷமும் என்ன ஆகும்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் நொச்சிக்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி அட்மிஷன் நடப்பதும் அதே மாதங்களில்தான். ஏரியில் இறாலும் நண்டும் கிடைக்கிற நாளில் வருமானம், கிடைக்காத நாளில் கடன் என்று ஓடும் வீட்டில், முதல் தவணை ஃபீஸ் பெரும்பாலும் நகை அடகில் இருந்தோ மகளிர் குழுக் கடனில் இருந்தோதான் வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் ‘இந்தப் படிப்பு செல்லுமா’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள பக்கத்தில் ஆளும் இருக்காது.

டிகிரி கொடுப்பது கல்லூரி இல்லை

பலருக்கும் முதல் குழப்பமே இங்கேதான். நம் ஊரில் பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரமே கிடையாது. பாடம் நடத்துவது மட்டும்தான் அவர்கள் வேலை. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்.

1956-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு சட்டம், அதாவது யுஜிசி சட்டம், 22-வது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மத்திய அல்லது மாநில சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். இவற்றுக்கு மட்டும்தான் பட்டம் வழங்கும் உரிமை. வேறு யார் கொடுத்தாலும் அது வெறும் தாள்.

ஆரம்பாக்கம் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1965-ல் தொடங்கிய பொன்னேரி லோகநாத நாராயணசாமி அரசு கல்லூரியும் இதே பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். இன்ஜினீயரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். நர்சிங், பார்மசி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். பி.எட் என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்.

ஆக, ஒரு தனியார் கல்லூரி புதிதாக ஒரு டிகிரி ஆரம்பிக்க நினைத்தால், அதற்குரிய பல்கலைக்கழகம் ‘சரி, இந்தப் படிப்பை இந்தக் கல்லூரியில் நடத்தலாம்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர்தான் இணைப்பு. ஆபீஸ் பாஷையில் ‘அஃபிலியேஷன்’.

இணைப்பு எப்படிக் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளுக்கென்று 1976-ல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநில அரசின் அனுமதி இல்லாமல் தனியார் கல்லூரி தொடங்க முடியாது என்பது அதன் அடிப்படை. 1980-களின் நடுவில் எம்ஜிஆர் ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த பிறகு, இந்தச் சட்டத்துக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கும் வேலை பல மடங்கு கூடிவிட்டது.

கல்லூரியை நடத்தும் டிரஸ்ட் முதலில் விண்ணப்பம் போடும். எந்தப் பாடம், எத்தனை இடம், ஆசிரியர் யார் யார், லேப் இருக்கிறதா, லைப்ரரியில் புத்தகம் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசுத் தரப்பில் தடையின்மைச் சான்று, பல்கலைக்கழகத் தரப்பில் ஆய்வுக் குழு. குழு நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும். பிறகு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முடிவெடுக்கும். யுஜிசி-யின் 2009 இணைப்பு விதிமுறைகளில் நிலத்துக்குக் கூட கணக்கு உண்டு: பெருநகரம் என்றால் 2 ஏக்கர், மற்ற இடங்களில் 5 ஏக்கர்.

கடைசியில் கல்லூரிக்கு ஓர் ஆணை வரும். அதில் முக்கியமாக மூன்று விஷயங்கள் இருக்கும். படிப்பின் முழுப் பெயர், எந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம்.

புதுப் படிப்புக்கு முதலில் தற்காலிக இணைப்புதான் கிடைக்கும். அதைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். நிரந்தர இணைப்பு கேட்க குறைந்தது 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது யுஜிசி விதி. அதனால் ‘தற்காலிக இணைப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது வழக்கமானதுதான். பயப்பட வேண்டியது, ஆணையே இல்லாமல் ‘வந்துவிடும், இன்னும் ரெண்டு வாரத்தில் வந்துவிடும்’ என்று சொல்லி அட்மிஷன் போடும்போது.

எண்ணிக்கையும் முக்கியம். 50 பேருக்கு அனுமதி வாங்கி 70 பேரைச் சேர்த்தால், வகுப்பில் பெஞ்ச் போட்டு உட்கார வைத்துவிடலாம். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யும்போதுதான் அந்த 20 பேரின் கதை வெளியே வரும்.

‘யுஜிசி அப்ரூவ்டு’ன்னு போட்டிருக்கே?

போட்டிருக்கும். அதில் பொய்யும் இருக்காது. ஆனால் அது வேறு விஷயம்.

யுஜிசி சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் ஒரு கல்லூரி பட்டியலில் சேர்க்கப்படுகிறது என்றால், அந்தக் கல்லூரி யுஜிசி பார்வையில் ஒரு கல்லூரி என்று பொருள். 12(பி) என்றால் மானியம் பெறத் தகுதி. இந்த இரண்டும் கல்லூரிக்குக் கிடைப்பவை. அந்தக் கல்லூரி புதிதாக ஆரம்பிக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தானாகக் கிடைப்பவை இல்லை.

நாக் கிரேடும் அப்படித்தான். ‘ஏ பிளஸ் பிளஸ்’ வாங்கின கல்லூரியாகவே இருக்கட்டும், அந்த மதிப்பெண் நேற்று அறிவித்த படிப்புக்குச் சேராது. ஐஎஸ்ஓ சான்றிதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. பேனரில் இந்த மூன்று முத்திரையும் வரிசையாக நிற்கும்போது ‘கவர்மென்ட்டே ஒத்துக்கிட்டுச்சு’ என்று தோன்றுவது இயல்பு. தோன்ற வேண்டும் என்றுதானே அச்சடிக்கிறார்கள்.

‘பிரபல பல்கலைக்கழகத்துடன் டை-அப்’ என்ற வாசகத்தையும் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஆன்லைன் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து கிளை போலப் பட்டப் படிப்பு நடத்துவது விதிமீறல் என்று 2022 ஜனவரியில் யுஜிசி வெளிப்படையாக எச்சரித்தது. நடத்துவது யார், பட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்ற இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வர வேண்டும்.

பல்கலைக்கழகம் சரி சொன்னாலும் போதாத படிப்புகள்

சில படிப்புகளுக்குத் தனித்தனியே தேசிய கவுன்சில்கள் இருக்கின்றன. இன்ஜினீயரிங்குக்கு ஏஐசிடிஇ, பி.எட்-டுக்கு என்சிடிஇ, சட்டத்துக்கு பார் கவுன்சில், பார்மசிக்கு பார்மசி கவுன்சில். பல்கலைக்கழக இணைப்போடு இவர்களின் ஒப்புதலும் வேண்டும்.

இதில் புதிதாகச் சேர்ந்தவை பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ். 2024-25 கல்வியாண்டில் இருந்து இவற்றையும் ஏஐசிடிஇ தன் கீழ் கொண்டுவந்தது. அதுவரை சாதாரண ஆர்ட்ஸ் காலேஜ் டிகிரியாக இருந்தவை. மற்ற டிகிரிகளுக்குப் பல்கலைக்கழக ஆணையோடு விசாரணை முடிந்துவிடும் என்றால், பிசிஏ-வுக்கு இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும். அண்ணன் படித்தபோது இந்த வேலை இல்லை, தங்கைக்கு இருக்கிறது.

கடலோர ஊர்ப் பையன்கள் அதிகம் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கப்பல் வேலை. மெர்ச்சன்ட் நேவி படிப்பு என்றால் பயிற்சி நிலையத்துக்குக் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின், அதாவது டிஜி ஷிப்பிங்கின் அனுமதி இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்டு எத்தனை மாதம் பரேட் போனாலும் கப்பலில் ஏற அது உதவாது.

நர்சிங்கும் இதே ரகம். கல்லூரிக்கு மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இருந்து, படித்து முடித்தவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அவர் நர்ஸ். ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ என்ற மாதிரிப் பெயர்களில் மாடியில் நடக்கும் வகுப்புகளுக்கு அந்தப் பதிவு கிடைக்காது.

அரசு ஒரு பக்கம் ‘சரி’ சொல்லி, கவுன்சில் இன்னொரு பக்கம் ‘முடியாது’ என்றால் என்ன நடக்கும்? பக்கத்து நாடான இலங்கையில் நடந்தே இருக்கிறது. கொழும்பு அருகே மாலபேயில் ‘சைட்டம்’ என்ற தனியார் நிறுவனம். அதற்கு மருத்துவப் பட்டம் வழங்கும் அனுமதியை 2011-ல் அரசு வர்த்தமானியில் வெளியிட்டது. ஆனால் அங்கு படித்து வெளியே வந்தவர்களைப் பதிவு செய்ய இலங்கை மருத்துவ கவுன்சில் மறுத்துவிட்டது. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே அரசுப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். பல மாதப் போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தையே கைவிடுவதாக அரசு அறிவித்தது. உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாக உறுதி செய்தது 2018-ல். படித்தவர்கள் கடைசியில் ஜெயித்தார்கள்தான். ஆனால் கையில் பட்டத்தோடு வேலைக்குப் போக முடியாமல் காத்திருந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது?

எல்லாம் சரி, ஆனா டிகிரி பெயர்ல சிக்கல்

இதுவரை சொன்னதெல்லாம் அனுமதி இல்லாத படிப்பைப் பற்றி. இனிமேல் சொல்லப்போவதுதான் தமிழ்நாட்டில் அதிகம் பேரை அடிப்பது. அனுமதி எல்லாம் முறையாக இருக்கும். பல்கலைக்கழகம் பட்டமும் கொடுத்திருக்கும். ஆனால் டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பில் ‘கேட்ட தகுதி இது இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள்.

எப்படி?

பி.ஏ, பி.எஸ்சி, பி.காம் போன்ற பட்டங்களின் பெயரை யுஜிசி 2014-ல் ஒரு பட்டியலாக அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத புதுப் பட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டுமானால் யுஜிசி-யிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் அடைப்புக்குறிக்குள் வரும் பாடத்தின் பெயருக்கு அப்படிக் கடிவாளம் கிடையாது. பி.எஸ்சி என்பது பட்டியலில் இருக்கிறது. அதன் பக்கத்தில் என்ன பாடம் எழுதுவது என்பது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு பார்த்துக்கொள்ளும் விஷயம். பேனரில் மின்னுகிற பெயர்கள் எல்லாம் அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவைதான்.

அரசு வேலை அறிவிப்பில் எப்படி எழுதுவார்கள்? ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்றால் பிரச்சினையே இல்லை. குரூப் 1, குரூப் 2-வில் பல பதவிகள் அப்படித்தான். ஆனால் துறை சார்ந்த பதவி என்றால் பாடத்தின் பெயரே இருக்கும். ‘விலங்கியல் பட்டம்’, ‘வேதியியல் பட்டம்’, ‘கணினி அறிவியல் பட்டம்’ என்று.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரை ஊர். கடல் உயிரினங்கள் பற்றிய புதுப் பெயர் கொண்ட ஒரு பி.எஸ்சி-யில் சேருகிறார். மூன்று வருஷத்தில் படித்ததில் முக்கால்வாசி விலங்கியல்தான். ஆனால் சான்றிதழில் ‘விலங்கியல்’ என்ற சொல் இல்லை. அறிவிப்பில் ‘விலங்கியல்’ என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது அவர் ‘நான் படித்ததும் அதுதான்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. இரண்டும் சமம் என்று அரசாணை காட்ட வேண்டும்.

அந்த அரசாணையைத்தான் ‘இணைத்தன்மை’ ஜி.ஓ என்பார்கள். நடைமுறை இது. பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தை அனுப்பும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியாக இணைத்தன்மைக் குழு இரண்டு பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சமம் என்று குழு பரிந்துரைத்தால் உயர்கல்வித் துறை அரசாணை வெளியிடும். சமம் இல்லை என்றால் அதையும் அரசாணையாகவே வெளியிடுவார்கள். அப்படிச் சில பட்டங்கள் ‘இணையானது அல்ல’ என்று அறிவிக்கப்பட்டும் இருக்கின்றன. அந்தப் பட்டத்தை ஏற்கெனவே வாங்கி வீட்டில் ஃபிரேம் போட்டு வைத்திருப்பவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். இந்த அரசாணை, வேலை அறிவிப்பு வெளியாகும் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்பது டிஎன்பிஎஸ்சி-யின் நிபந்தனை. பரீட்சை எழுதி பாஸ் ஆன பிறகு ஜி.ஓ வாங்கி வந்து நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகம் கேட்காமல் குழு தானாக எடுத்துப் பார்ப்பது அரிது. முதல் பேட்ச் படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மனு போட்டு... அதற்குப் பிறகுதான் பல படிப்புகளுக்கு இந்த வேலையே ஆரம்பிக்கிறது. புதுப் படிப்பின் முதல் பேட்ச் மாணவர்கள் அடுத்த பேட்ச்சுக்கு வழி வெட்டுபவர்கள் என்றே சொல்லலாம். அந்தக் கூலி அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆசிரியர் ஆக விரும்புபவர்களுக்கும் இது பொருந்தும். பி.எட் சேரும்போதே எந்த டிகிரியை எந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பார்ப்பார்கள். பள்ளியில் ‘ஃபின்டெக்’ என்று ஒரு பாடம் இல்லையே.

தனியார் கம்பெனிகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது உண்மை. டேட்டா சயின்ஸ் படித்தவர் ஐடி வேலைக்குத்தான் போகப்போகிறார் என்றால் இணைத்தன்மை ஜி.ஓ பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. எனவே புதுப் படிப்பு என்றாலே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘எப்படியாவது ஒரு கவர்மென்ட் வேலை’ என்று கணக்குப் போடும் வீடு, அந்தக் கணக்கைப் போட்டுவிட்டே புதுப் பெயரைத் தேர்வு செய்ய வேண்டும்.

தடா பக்கம் போனால் வேற சட்டம்

ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா. பழவேற்காடு ஏரியே பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. படிக்கவும் வேலைக்கும் எல்லை தாண்டுவது இங்கே சாதாரணம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகம், ஆந்திராவின் 2016 தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் உருவானது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் விதி மாறுகிறது. அது தானே பட்டம் கொடுக்கும். புதுப் படிப்பு தொடங்க வேறொரு பல்கலைக்கழகத்திடம் இணைப்பு கேட்க வேண்டாம், அதன் கல்விக்குழு முடிவெடுத்தால் போதும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய இப்படித்தான். கவுன்சில் ஒப்புதல் தேவைப்படும் படிப்புகளுக்கு மட்டும் அது வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி இதற்கு இடைப்பட்டது. பாடத்திட்டம் தானே போடலாம், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்.

இதனால்தான் 2025 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சர்ச்சை வெடித்தது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் வேண்டும் என்று இருந்த விதியை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 என்று குறைக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. இயங்கிக்கொண்டிருக்கும் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகமாக மாற வழி வைத்திருந்தது அந்த மசோதா. அரசு உதவிபெறும் கல்லூரிகளும் மாறினால் ஃபீஸ் என்ன ஆகும், இட ஒதுக்கீடு என்ன ஆகும் என்று கம்யூனிஸ்ட் கட்சிகளும் விசிகவும் ஆசிரியர் சங்கங்களும் கேட்டன. சில நாள்களிலேயே மறுபரிசீலனைக்காக மசோதா திரும்பப் பெறப்படுவதாக அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி.செழியன் அறிவித்தார்.

கடிவாளம் முழுக்க விட்டால் எங்கே போகும் என்பதற்குச் சத்தீஸ்கர்தான் உதாரணம். 2002-ல் அந்த மாநிலம் போட்ட சட்டத்தின் கீழ் மளமளவென்று 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்கு வளாகம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. யுஜிசி முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 112-ம் ஒரே நாளில் செல்லாமல் போயின. மாணவர்களைக் காப்பாற்ற, அந்த நிறுவனங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி பார்க்கச் சொன்னது நீதிமன்றம்.

ஆய்வுக்கு வருகிறார்களே, அதை நம்பலாமா?

ஓரளவுக்கு. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல் நினைவிருக்கலாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்ற 224 இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஆய்வு நாளில் ஆசிரியர் பட்டியல் தாளில் நிறைந்திருக்கும். வகுப்பில் யார் நிற்கிறார்கள் என்பது வேறு.

ஆணையைப் பார்ப்பதோடு, அந்தப் படிப்புக்கு என்று எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் விசாரிப்பதும் நல்லது. புதுப் படிப்பில் சீனியரே இருக்க மாட்டார்கள். அப்போது அதே கல்லூரியின் பக்கத்துத் துறை மாணவர்களைக் கேட்கலாம்.

அப்ப, ஏரிக்கரைப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது?

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் நாலு ஸ்டேஷன் தள்ளிப் பொன்னேரி. அங்கே அரசு கலைக் கல்லூரி மட்டும் இல்லை. தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்ஜிஆர் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி நாலு வருஷப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் 2 மார்க்தான். மீனவர் வாரிசுகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடும் உண்டு. யுஜிசி பட்டியலில் பெயரோடு இருக்கிற பட்டம் என்பதால் அடைப்புக்குறிக் குழப்பம் இதில் வராது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. 2021-ல் வந்த சட்டப்படி இன்ஜினீயரிங், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும் கவுன்சலிங் வழியாகப் போனால் இது கிடைக்கும். நேராகக் கல்லூரிக்குப் போய் மேனேஜ்மென்ட் சீட் வாங்கினால் கிடைக்காது. ‘கவுன்சலிங் வரைக்கும் எதுக்கு வெயிட் பண்றீங்க’ என்று போனில் அவசரப்படுத்துபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும், உதவித்தொகைகளுக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனமும் படிப்பும்தான் அடிப்படை. படிப்புக்கு அனுமதி தொங்கலில் இருந்தால் இவையும் தொங்கும்.

ஃபீஸ் கட்டும் முன் கேட்க வேண்டியது

ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ என்று ஊர் வைத்த முறை இருக்கிறது. யாருக்கு உரிமை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கல்லூரி விஷயத்தில் அப்படி ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. ஆனால் கேட்க வேண்டிய முதல் ஆள் கல்லூரிதான். ‘இந்தப் படிப்புக்கு, இந்த வருஷத்துக்கான இணைப்பு ஆணையைக் காட்டுங்க’ என்று கேட்கலாம். கூச்சப்படத் தேவையில்லை. ஆணை இருக்கும் கல்லூரி தயங்காது. போன வருஷ ஆணையையோ வேறு படிப்பின் ஆணையையோ எடுத்து நீட்டினால் பெயரையும் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிறகு அதே விவரத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலோடு ஒப்பிடலாம். பிபிஏ, பிசிஏ, இன்ஜினீயரிங் என்றால் ஏஐசிடிஇ தளம். பல்கலைக்கழகமே உண்மைதானா என்ற சந்தேகம் வந்தால் யுஜிசி தளத்தில் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது, போலிகளின் பட்டியலும் தனியாக இருக்கிறது. அரசு வேலைதான் குறி என்றால், இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கல்லூரி, பல்கலைக்கழகம் இரண்டிலும் கேட்க வேண்டும். 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ போட்டும் கேட்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அட்மிஷன் அதுவரை காத்திருக்காது. அதனால் பிளஸ் 1 படிக்கும்போதே கேட்டு வைப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.

ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, இப்போதுதான் அனுமதி இல்லை என்று தெரிகிறது என்றால்? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். விலகினால் ஃபீஸ் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் தேதி வாரியாக யுஜிசி விதி உண்டு. சீக்கிரம் விலகினால் அதிகம் கிடைக்கும், தாமதித்தால் குறையும். அதனால் விலகல் கடிதத்தைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கல்லூரி ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் கட்டிய ரசீது இல்லாமல் எந்தப் புகாரும் நகராது. ‘ரசீது அப்புறம் தர்றோம்’ என்றால், பணத்தையும் அப்புறமே கொடுக்கலாம்.